விடை வந்துவிட்டது, கணக்கு புரிந்ததா?

சென்ற மாதம் என் சித்தப்பா வீட்டில் புதிதாக ஒரு லேப்டாப் வாங்கினார்கள். சித்தப்பா தையல் கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் இந்த ஆண்டுதான் இன்ஜினியரிங் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறாள். அவள் படிப்புக்காகவே இந்தச் செலவு. நான் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன் என்பதால், ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் செட் செய்து கொடுக்கும்படி அழைத்தார்கள். விண்டோஸ் அப்டேட், ஆன்ட்டி வைரஸ், தமிழ் டைப்பிங் எல்லாம் முடிந்த பிறகு சித்தப்பா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இனிமே இவளுக்கு பிசிக்ஸ் டியூஷன் வேண்டாம்ல? எல்லாம் இதுலயே வந்துடும்னு சொல்றாங்களே?"

நான் பதில் சொல்வதற்குள் தங்கை தன் அசைன்மெண்ட் நோட்டை எடுத்து வந்து காட்டினாள். "இங்க பாருண்ணா, அஞ்சு கணக்கும் பத்து நிமிஷத்துல முடிச்சுட்டேன்." கணக்கை மொபைலில் போட்டோ எடுத்து ஒரு ஏஐ உரையாடல் புரோகிராமிடம் கொடுத்திருக்கிறாள். அது தந்த விடையை அழகான கையெழுத்தில் நோட்டில் எழுதியிருக்கிறாள்.

முதல் கணக்கு இதுதான். 70 செ.மீ. உயரமுள்ள ஒரு சரிவின் உச்சியிலிருந்து ஒரு திண்மக் கோளம் வழுக்காமல் உருண்டு கீழே வருகிறது. அடியை அடையும்போது அதன் வேகம் என்ன? நோட்டில் இருந்த விடை விநாடிக்கு 3.13 மீட்டர். விடை சரிதான். நடுவில் ஒரு வரியில் 7/10 என்று ஒரு எண் இருந்தது. "இந்த 7/10 எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டேன். அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அதுவே போட்டுச்சுண்ணா" என்றாள்.

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பழைய நினைவுதான் வந்தது.

எனக்குக் கிடைத்த அடி

நான் தமிழ் மீடியத்தில் படித்து இன்ஜினியரிங் சேர்ந்தவன். முதலாம் ஆண்டில் பிசிக்ஸ் வகுப்பு முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. பாதி புரியாது. எழுந்து கேட்கக் கூச்சம். அப்போது ஏஐ எல்லாம் கிடையாது. ஆனால் அதற்குப் பதிலாக ஒரு பென் டிரைவ் இருந்தது. சீனியர்கள் வழிவழியாகக் கொடுத்து வந்த அந்தப் பென் டிரைவில், எல்லா அசைன்மெண்ட் கணக்குகளுக்கும் விடைகள் பிடிஎப் பைலாக இருந்தன. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து அப்படியே எழுதிக் கொடுத்தேன். அசைன்மெண்ட்டுக்கு எப்போதும் முழு மார்க்.

அதில் ஒரு கணக்கு நன்றாக நினைவிருக்கிறது. 100 வோல்ட் மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்ட எலெக்ட்ரானின் டி பிராய் அலைநீளம் என்ன? பைலில் இருந்த வழி மிகவும் சுலபம். 12.27 என்ற எண்ணை வோல்ட்டின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 100-இன் வர்க்கமூலம் 10. ஆகவே விடை 1.227 ஆங்ஸ்ட்ராம். ஒரே வரியில் முடிந்துவிட்டது.

தேர்வில் அதே கணக்கு வந்தது. ஒரே ஒரு வார்த்தைதான் மாறியிருந்தது. எலெக்ட்ரானுக்குப் பதில் புரோட்டான். நான் சந்தோஷமாக 1.227 என்று எழுதினேன். அந்த 12.27 என்ற எண்ணுக்குள்ளேயே எலெக்ட்ரானின் நிறை ஒளிந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. புரோட்டானின் நிறை எலெக்ட்ரானைப் போல சுமார் 1836 மடங்கு. அலைநீளம் நிறையின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும். 1836-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 43. ஆகவே சரியான விடை சுமார் 0.0286 ஆங்ஸ்ட்ராம். நான் எழுதியது 43 மடங்கு தவறு. அந்தத் தாளில் இப்படி நான்கு கணக்குகள். எல்லாமே அசைன்மெண்ட்டில் நான் முழு மார்க் வாங்கிய கணக்குகளின் தம்பிகள்.

பிசிக்ஸில் அரியர் விழுந்தது. அடுத்த செமஸ்டரில் எழுதிப் பாஸ் செய்துவிட்டேன். ஆனாலும் இறுதியாண்டில் ஒரு கம்பெனி, அரியர் வைத்திருந்தவர்கள் விண்ணப்பிக்கவே வேண்டாம் என்று சொன்னபோது, வெளியே நின்ற வரிசையில் நானும் இருந்தேன். வீட்டில் அப்பாவிடம் அன்று என்ன காரணம் சொன்னேன் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை.

உதவி கேட்பது தவறா?

இதைப் படித்துவிட்டு, கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு கணக்குப் போடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நிச்சயம் இல்லை. வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகள் எத்தனையோ பேர். இரவு பத்து மணிக்கு ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டால் அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் மாஸ்டர் இருந்தார். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இண்டர்நெட் அந்த வித்தியாசத்தைப் பெருமளவு குறைத்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, எந்த நேரத்திலும், தமிழில்கூட, பொறுமையாக விளக்கம் கேட்க ஒரு வழி கிடைத்திருக்கிறது. அன்று எனக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால், கூச்சமில்லாமல் நூறு கேள்வி கேட்டிருப்பேன்.

என் கருத்து ஒன்றே ஒன்றுதான். மாட்டிக்கொண்ட இடத்திற்கு உதவி கேளுங்கள். விடைக்குக் கேட்காதீர்கள். விடையைக் கேட்டால், நீங்கள் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும். தேர்வு அந்த இடத்தில்தான் உங்களைப் பிடிக்கும்.

கணக்கு போடத் தெரிவதும் பிசிக்ஸ் புரிவதும் வேறு வேறு என்பதைப் பெரிய பல்கலைக்கழகங்களே அனுபவத்தில் கண்டிருக்கின்றன. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிசிக்ஸ் கற்பிக்கும் பேராசிரியர் எரிக் மசூர், கடினமான கணக்குகளைப் போடும் தன் மாணவர்கள் எளிய அடிப்படைக் கேள்விகளில் தடுமாறுவதைக் கண்டார். 1991 முதல் தன் வகுப்பு முறையையே மாற்றினார். ஒரு கேள்வியைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் விடையை விளக்கிச் சொல்லுங்கள் என்றார். இந்த முறையைப் பற்றி 1997-இல் ஒரு புத்தகமும் வெளியிட்டார். அடுத்தவருக்கு விளக்க முடிந்தால்தான் அது நமக்குப் புரிந்திருக்கிறது. நோட்டில் இருப்பது வேறு, தலையில் இருப்பது வேறு.

"சாப்ட்வேர் வேலைக்கு டி பிராய் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆறு வருட வேலையில் ஒரு நாள்கூட நான் அலைநீளம் கணக்கிட்டதில்லை. ஆனால் ஓடாத புரோகிராமில் எந்த வரியில் தவறு என்று தேடுவதுதான் என் தினசரி வேலை. எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டிய கோட் இன்று ஓடிவிடும். நள்ளிரவில் அது நின்றுபோய் போன் வரும்போது, அது ஏன் ஓடியது என்று தெரியாதவனுக்கு ஏன் நின்றது என்றும் தெரியாது. தெரிந்தது எதுவரை, தெரியாதது எங்கே தொடங்குகிறது என்று கோடு போடும் பழக்கத்தை நான் மிகவும் தாமதமாகக் கற்றேன். பிசிக்ஸ் ஹோம்வொர்க் அதை முதலாம் ஆண்டிலேயே கற்றுக் கொடுத்திருக்கும்.

எப்படிக் கேட்பது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பின்வரும் முறையை முயன்று பாருங்கள். என் தங்கைக்கும் இதைத்தான் சொன்னேன்.

முதலில் இருபது நிமிடம் பேப்பரும் பேனாவும் மட்டும். கொடுக்கப்பட்டவை என்ன, கேட்பது என்ன என்று தனித்தனியாக எழுதுங்கள். ஒரு படம் வரையுங்கள். தெரிந்த வரை போடுங்கள். தவறாக இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவதாக, மாட்டிக்கொண்ட இடத்தை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். "இந்தக் கணக்கு வரவில்லை" என்பது கேள்வியே அல்ல. "நிலை ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாறும் என்று போட்டேன். 3.70 வந்தது. புத்தகத்தில் 3.13 என்று இருக்கிறது. எதை விட்டுவிட்டேன்?" என்பதுதான் கேள்வி. இப்படிக் கேட்டால் ஆசிரியரும் ஒரு நிமிடத்தில் பதில் சொல்வார், சக மாணவரும் சொல்வார். பல நேரங்களில் இந்த வாக்கியத்தை எழுதி முடிப்பதற்குள் உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

மூன்றாவதாக, ஏஐ புரோகிராமிடம் கேட்பதென்றால் போட்டோவை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்கள் போட்ட வரிகளையும் டைப் செய்து, "விடையைச் சொல்ல வேண்டாம், நான் தவறு செய்த வரியை மட்டும் காட்டு, அடுத்த ஒரு படிக்கு மட்டும் குறிப்பு கொடு" என்று சேர்த்து எழுதுங்கள். அப்படியே செய்யும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இந்த புரோகிராம்கள் தவறான விடையையும் சரியான விடையைப் போலவே தைரியமாகச் சொல்லும். குரலில் தயக்கம் தெரியாது. ஆகவே சரிபார்க்கும் வேலை உங்களுடையது.

நான்காவதாக, விளக்கம் புரிந்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டு வெள்ளைத் தாளில் முதலிலிருந்து போடுங்கள். பிறகு கணக்கில் ஒன்றை மட்டும் மாற்றிப் போடுங்கள். கோளத்திற்குப் பதில் வளையம். எலெக்ட்ரானுக்குப் பதில் புரோட்டான். தேர்வுத்தாள் தயாரிப்பவர் செய்வதும் இதைத்தான்.

கம்ப்யூட்டர் செய்யும் சின்னச் சின்ன விஷமங்கள்

வழி சரியாக இருந்தும் விடை தவறாக வருவதுண்டு. புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் இடங்கள் சில உள்ளன.

சைன் 30 டிகிரியின் மதிப்பு 0.5 என்று நமக்குத் தெரியும். எக்ஸெல்லில் சைன் பங்ஷனுக்குள் 30 என்று மட்டும் கொடுத்துப் பாருங்கள். மைனஸ் 0.988 என்று வரும். எக்ஸெல் கோணத்தை டிகிரியாக எடுப்பதில்லை, ரேடியனாக எடுக்கிறது. முதலில் ரேடியன்ஸ் என்ற பங்ஷனைக் கொண்டு 30-ஐ மாற்றி, அதன் பிறகு சைன் போட வேண்டும். விண்டோஸ் கால்குலேட்டரில் சயின்டிபிக் மோடுக்குச் சென்றால், டிகிரியா ரேடியனா என்று மாற்றுவதற்கு ஒரு பட்டன் இருக்கும். கணக்கைத் தொடங்கும் முன் அதை ஒருமுறை பாருங்கள்.

பிளாங்க் மாறிலி போன்ற மிகச் சிறிய எண்களை எக்ஸெல்லில் தரும்போது சைபர்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 6.626 என்று டைப் செய்து, ஆங்கில எழுத்து 'ஈ'-யைத் தட்டி, மைனஸ் 34 என்று கொடுத்தால் போதும். பின்னங்களை டைப் செய்யும்போது அடைப்புக்குறிகளைத் தாராளமாகப் போடுங்கள். வகுக்கும் பகுதி எது என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்கு நாம் சொன்னால்தான் தெரியும்.

விடை வந்ததும் அலகைப் பாருங்கள். வேகம் கேட்டால் மீட்டர், விநாடி இரண்டும் இருக்க வேண்டும். வெப்பநிலை கெல்வினிலா செல்சியஸிலா என்று பாருங்கள். கடைசியாக, விடை நம்பும்படி இருக்கிறதா என்று யோசியுங்கள். முழங்கால் உயரத்திலிருந்து உருண்ட பந்து விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் போகாது.

நல்ல இடங்கள்

விடையைத் தராமல் விளக்கத்தைத் தரும் இலவச இணையதளங்கள் பல இருக்கின்றன. இவற்றை பிரவுசரில் புக்மார்க் செய்து வைத்துக்கொள்ளலாம். ஐஐடிக்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல்லில் முழுப் பாடங்களும் வீடியோக்களாக உள்ளன. ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஹைப்பர்பிசிக்ஸ் தளத்தில் ஒவ்வொரு கருத்தும் ஒரு சின்ன அட்டை போல இருக்கும். ஒன்றைக் கிளிக் செய்தால் அதற்கு அடிப்படையான இன்னொன்றுக்குக் கொண்டு போகும். எம்ஐடி பல்கலைக்கழகம் தன் ஓப்பன் கோர்ஸ்வேரில் பல பாடங்களுக்கு வகுப்புக் குறிப்புகளோடு பயிற்சிக் கணக்குகளையும் தருகிறது. பேராசிரியர் பெயின்மன் 1961 முதல் 1963 வரை கால்டெக்கில் நடத்திய வகுப்புகளின் புத்தகத்தையும் இண்டர்நெட்டில் இலவசமாகப் படிக்கலாம்.

படித்துப் புரியாதவர்கள் பெட் என்ற தளத்தைப் பாருங்கள். பிசிக்ஸில் 2001-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன், 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது இது. சரிவு, ஊசல், மின்சுற்று எல்லாவற்றையும் திரையில் மவுசால் இழுத்து மாற்றிப் பார்க்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அன்று மாலை தங்கையும் நானும் அந்த 7/10-ஐத் தேடினோம். நான் விடையைச் சொல்லவில்லை. "பந்து கீழே வரும்போது எத்தனை வேலை செய்கிறது?" என்று மட்டும் கேட்டேன். சிறிது நேரம் யோசித்தாள். "முன்னாடி போகுது... சுத்தவும் செய்யுது" என்றாள். அப்புறம் அவளே போட்டாள். முன்னோக்கிப் போவதற்கான ஆற்றலில் 1/2 வருகிறது. திண்மக் கோளம் சுழல்வதற்கான ஆற்றலில் 1/5 வருகிறது. இரண்டையும் கூட்டினால் 7/10. பந்து உருளாமல் உராய்வின்றி வழுக்கி வந்திருந்தால் வேகம் 3.70. உருண்டு வருவதால் சுழற்சிக்கு ஒரு பங்கு போய் 3.13 ஆகிறது. வளையமாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதையும் போட்டு 2.62 என்றாள். இந்த முறை எந்த எண் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கே விளக்கினாள்.

சித்தப்பா ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "உருண்டு வந்தா ஏம்மா வேகம் குறையுது?" என்று கேட்டார். அவள் எழுந்து போய் மூலையில் இருந்த தையல் மெஷினின் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். "காலை எடுத்த பிறகும் இது கொஞ்ச நேரம் சுத்துதுல்லப்பா? சுத்துறதுக்குள்ளேயும் சக்தி இருக்கு. பந்து அதுக்கும் ஒரு பங்கு கொடுக்கணும். மீதியிலதான் ஓடணும்." சித்தப்பா சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எனக்கே புரியுதே" என்றார்.

பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கும் பெற்றோர்களே, பிசிக்ஸ் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாரத்திற்கு ஒரு நாள், முடித்த கணக்குகளில் ஒன்றை எடுத்து, "இது ஏன் இப்படி வருது, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால், நீங்கள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் சரியாகப் பயன்படுகிறது என்று அர்த்தம். "அதுவே போட்டுச்சு" என்று பதில் வந்தால் திட்ட வேண்டாம். பேப்பரையும் பேனாவையும் எடுத்துக் கொடுங்கள்.

டியூஷன் வேண்டாமா என்று சித்தப்பா கேட்ட கேள்விக்குக் கிளம்பும்போது பதில் சொன்னேன்: "டியூஷன் வேணுமா வேண்டாமான்னு ரெண்டு மாசம் கழிச்சுப் பாக்கலாம் சித்தப்பா. அதுவரைக்கும் நீங்க கேள்வி கேளுங்க."